சயாம் மரண ரயில்: எழுதி வைத்தவர்களும் எழுத முடியாமல் போனவர்களும்

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடத்தை நடத்தும்போது, தென்கிழக்கு ஆசியாவில் ஜப்பான் கைப்பற்றிய இடங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறோம். சிங்கப்பூர் அந்த வரிசையில் ஒரு பெயர். 1942 பிப்ரவரி 15 அன்று அங்கிருந்த பிரிட்டிஷ் படை சரணடைந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த போர்முனைக்கு நகர்ந்துவிடுகிறோம். மாணவர்களும் ஆண்டையும் இடத்தையும் அடிக்கோடிட்டுக்கொள்கிறார்கள்.

அன்று சரணடைந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். மலாயாவில் அதற்கு முன்பே பிடிபட்டவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை 1,20,000-ஐத் தாண்டும். இவர்கள் மறுநாள் என்ன ஆனார்கள்? எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், எப்போது வீடு திரும்பினார்கள்? இந்தக் கேள்வியை வகுப்பில் ஒரு மாணவர் கேட்டால், அதற்கான பதில் தாய்லாந்துக் காட்டுக்குள் போடப்பட்ட ஒரு ரயில் பாதைக்கு நம்மை அழைத்துச் செல்லும். அந்தப் பாதையில் தமிழர்களும் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்பதால், இந்தப் பதிலை நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

போர்க்கைதி யார்? அவருக்கு என்ன உரிமை?

போரில் எதிரியிடம் பிடிபட்ட படைவீரர் குற்றவாளி அல்ல. தன் நாட்டுக்காகப் போரிட்டவர். இப்போது ஆயுதம் இழந்தவர். எனவே அவரைத் தண்டிக்கக் கூடாது, போர் முடியும்வரை தடுத்து வைக்க மட்டுமே செய்யலாம் என்பதுதான் பன்னாட்டுச் சட்டத்தின் அடிப்படை. 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இதை வகுத்தது. 1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை இன்னும் விரிவாகச் சொன்னது. சாதாரண வீரர்களிடம் வேலை வாங்கலாம்; ஆனால் அது உடல்நலத்துக்குக் கேடான, ஆபத்தான வேலையாக இருக்கக் கூடாது. போர் நடவடிக்கையோடு நேரடித் தொடர்புள்ள வேலையாகவும் இருக்கக் கூடாது. அதிகாரிகளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது. நோயாளிகளுக்கு மருத்துவம் தர வேண்டும்.

ஜப்பான் 1929 உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ஆனால் அதை ஏற்புறுதி செய்யவில்லை. போர் தொடங்கியபின், பொருந்தும் அளவில் அதைப் பின்பற்றுவோம் என்று வாக்களித்தது. அந்த வாக்கு ரயில் பாதை முகாம்களுக்கு வந்து சேரவில்லை. ஜப்பானியப் படையில் சரணடைவது பெரும் அவமானமாகக் கற்பிக்கப்பட்டிருந்தது. சரணடைந்த எதிரியை மதிக்கத் தேவையில்லை என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. அந்தப் படையில் அதிகாரி சிப்பாயை அடிப்பது வழக்கம்; சிப்பாய் தனக்குக் கீழே இருந்த கொரியக் காவலரை அடித்தார்; கொரியக் காவலர் கைதியை அடித்தார்.

ஏன் அந்தக் காட்டில் ரயில்?

1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்த தன் படைக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப, மலாக்கா நீரிணையைச் சுற்றிக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பல் செல்ல வேண்டியிருந்தது. நேச நாடுகளின் நீர்மூழ்கிகளும் விமானங்களும் அந்தக் கடல்வழியை ஆபத்தாக்கின. தாய்லாந்திலும் பர்மாவிலும் ஏற்கெனவே ரயில் பாதைகள் இருந்தன. இரண்டையும் இணைக்கும் துண்டு மட்டும் இல்லை. பிரிட்டிஷார் முன்பு இந்த வழியை ஆராய்ந்து, மலையும் காடும் மழையும் நோயும் மிகுந்த இடம் என்று கைவிட்டிருந்தார்கள்.

தாய்லாந்தின் நோங் பிளாதுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர். 1942-இன் பிற்பகுதியில் இரு முனைகளிலிருந்தும் வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17 அன்று கொங்கோய்தா என்ற இடத்தில் தண்டவாளங்கள் சந்தித்தன. பெரிய இயந்திரங்கள் இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, கூடை, சம்மட்டி, சில இடங்களில் யானைகள். மீதி எல்லாம் மனித உடல். ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் இந்த வேலைக்கு அனுப்பப்பட்டனர். பிரிட்டிஷார் பாதிப் பேர். அடுத்து டச்சுக்காரர்கள், ஆஸ்திரேலியர்கள். சில நூறு அமெரிக்கர்கள். இவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஐந்தில் ஒருவர்.

கைதிகளின் நினைவில் இருப்பவை

பிழைத்தவர்கள் எழுதியதையும் சொன்னதையும் படித்தால், போர்க்களத்தைவிட மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: சோறு, மழை, புண்.

நன்கு தீட்டிய வெள்ளை அரிசிச் சோறும், தண்ணீராய் ஓடும் காய்கறிச் சாறும்தான் உணவு. தவிடு நீங்கிய அரிசியில் வைட்டமின் பி1 இல்லை. விளைவு பெரிபெரி: கால் வீங்கும், நடை தளரும், இதயம் செயலிழக்கும். நம் அறிவியல் பாடத்தில் குறைபாட்டு நோய்கள் என்ற அட்டவணையில் ஒரு வரியாக இருக்கும் நோய், அங்கே ஆயிரக்கணக்கானோரின் உடலில் இருந்தது. நோயில் படுத்தவருக்கு உணவின் அளவு குறைக்கப்பட்டது. வேலை செய்யாதவருக்குச் சோறு எதற்கு என்பது முகாமின் கணக்கு.

பாறையைக் குடைவதைப் பலர் விவரித்திருக்கிறார்கள். ஒருவர் இரும்புத் துளைக்கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருப்பார். மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். ஒரு நாளைக்கு இவ்வளவு ஆழம் துளைக்க வேண்டும் என்று அளவு வைத்திருந்தார்கள். அதைச் சீக்கிரம் முடித்துவிட்டால் ஓய்வு கிடைக்கும் என்று முதலில் நம்பிய கைதிகள், மறுநாள் அந்த அளவே கூட்டப்பட்டதைக் கண்டார்கள். 1943-இன் தொடக்கத்திலிருந்து வேலையின் வேகம் இன்னும் கூட்டப்பட்டது. காவலர்கள் ‘ஸ்பீடோ’ என்று கத்திக்கொண்டே இருந்ததால், அந்த மாதங்களுக்குக் கைதிகளிடையே அதுவே பெயராயிற்று. கொன்யூ என்ற இடத்தில் மலையைப் பிளந்த பள்ளத்தில் இரவிலும் வேலை நடந்தது. மூங்கில் தீயும் எண்ணெய் விளக்குகளும் எரிய, எலும்பும் தோலுமாக மனிதர்கள் பாறையை அடிப்பது நரகத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது என்பதால், அதை ‘நரகத்தீக் கணவாய்’ என்று அழைத்தார்கள்.

அந்த ஆண்டு பருவமழையோடு காலராவும் வந்தது. சிங்கப்பூரிலிருந்து 1943 ஏப்ரலில் அனுப்பப்பட்ட ‘எஃப்’ குழுவில் 7,000 பேர் இருந்தனர். ரயிலை விட்டு இறங்கியதும் சுமார் 300 கிலோமீட்டர் தூரம், பெரும்பாலும் இரவில், நடத்தியே கொண்டுசெல்லப்பட்டனர். போர் முடிவதற்குள் அவர்களில் ஏறத்தாழ 3,100 பேர் இல்லை.

மூங்கில் முள் கீறிய சிறு காயம்கூட ஆறாப் புண்ணாகி எலும்புவரை அழுகியது. மருந்து இல்லாத முகாம் மருத்துவர்கள் கூரான கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டி எடுத்தார்கள். வேறு வழியில்லாதபோது காலை வெட்டினார்கள். காலரா நோயாளியின் உடலில் நீர் வற்றாமலிருக்க, தண்ணீரைக் காய்ச்சி வடித்து, உப்புச் சேர்த்து, மூங்கில் துண்டும் ரப்பர்க் குழாயும் கொண்டு நரம்பில் ஏற்றினார்கள். ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் வியரி டன்லப் நோயாளிகளை வேலைக்கு இழுத்துச் செல்லவிடாமல் காவலர்களோடு நாள்தோறும் வாதாடியவர். தாய்லாந்து வணிகர் பூன்பாங், முகாம்களுக்குக் காய்கறி விற்கும் சாக்கில், பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே மருந்துகளை மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த இரண்டு பெயர்களும் பலருடைய நினைவுகளில் வருகின்றன.

நினைவு எப்படிப் பிழைத்தது?

முகாமில் நாட்குறிப்பு எழுதுவதும் படம் வரைவதும் கடும் தண்டனைக்குரிய குற்றங்கள். ஆனாலும் எழுதினார்கள். டன்லப் எழுதிய குறிப்புகள் 1986-இல்தான் நூலாக வந்தன. ஓவியர் ரொனால்டு சேர்ல் தன் படங்களைக் காலராவில் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தார். தொற்றுக்குப் பயந்து காவலர்கள் அங்கே நெருங்கவில்லை. அப்படித் தப்பிய ஏறத்தாழ 300 படங்கள் இன்று லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

இன்னொரு வகை நினைவு, பல பத்தாண்டுகள் பேசாமலிருந்து பிறகு வந்தது. எரிக் லோமாக்ஸ் என்ற ஸ்காட்லாந்து அதிகாரி, காஞ்சனபுரி முகாமில் இரகசிய வானொலி வைத்திருந்த குழுவில் ஒருவராகப் பிடிபட்டுக் கொடுமையான சித்திரவதைக்கு உள்ளானார். ஊருக்குத் திரும்பியபின் யாரிடமும் மனம் திறக்க முடியவில்லை. தன் நினைவுகளை நூலாக வெளியிட்டபோது ஆண்டு 1995. அவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது.

ஆகவே மாணவர்களுக்கு ஓர் அடிப்படை வேறுபாட்டைச் சொல்லித்தர இந்தப் பொருள் நன்றாகப் பயன்படும். அன்றன்று எழுதிய நாட்குறிப்பில் தேதியும் எண்ணிக்கையும் துல்லியமாக இருக்கும். ஆனால் எழுதியவர் அடுத்த முகாமில் நடப்பதை அறியமாட்டார். ஐம்பது ஆண்டு கழித்து எழுதிய நூலில் தேதி பிசகலாம். ஆனால் அந்த அனுபவம் ஒரு வாழ்க்கையை என்ன செய்தது என்பது அதில்தான் தெரியும். ஒன்று மெய், மற்றது பொய் என்று பிரிக்க வேண்டியதில்லை. எந்தக் கேள்விக்கு எந்தச் சான்று பதில் தரும் என்று பார்க்கப் பழக்கினால் போதும்.

இந்திய வீரர்கள் என்ன ஆனார்கள்?

சிங்கப்பூரில் சரணடைந்தவர்களில் 40,000-க்கும் மேற்பட்டோர் இந்திய வீரர்கள். 1942 பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் மைதானத்தில் அவர்கள் தனியாகக் கூட்டப்பட்டு, பிரிட்டிஷ் அதிகாரிகளால் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். கேப்டன் மோகன் சிங் தலைமையில் இந்திய தேசிய இராணுவம் உருவான கதையை நாம் வகுப்பில் சொல்கிறோம். அதில் சேராதவர்களின் கதையை அநேகமாகச் சொல்வதில்லை. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டு நியூகினி, நியூபிரிட்டன் போன்ற தீவுகளுக்குக் கட்டாய உழைப்புக்காக அனுப்பப்பட்டனர். மங்களூர்ப் பகுதியைச் சேர்ந்த ஜான் பாப்டிஸ்ட் கிராஸ்தா அப்படி ரபாவுல் சென்று மீண்டவர். போர் முடிந்து ஊர் திரும்பியதும் எழுதிவைத்த அவரது நினைவுகள், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, மகனின் முயற்சியால்தான் அச்சேறின.

இரு தரப்பையும் ஒரே வகுப்பில் பேசுவதில் தயக்கம் வேண்டாம். சேர்ந்தவர் தியாகி, சேராதவர் துரோகி என்றோ, அதற்கு மறுதலையாகவோ சொல்லத் தேவையில்லை. ஊரையும் குடும்பத்தையும் விட்டு வெகுதூரத்தில், தங்களைக் கைவிட்டுப்போன ஓர் அரசுக்கும் புதிதாக வந்த ஓர் ஆதிக்கத்துக்கும் நடுவில் நின்று முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

எழுத முடியாமல் போனவர்கள்

ரயில் பாதையில் போர்க்கைதிகளைவிட மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், இவர்களோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டதாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. முறையான பதிவேடு இல்லாததால் இவையெல்லாம் மதிப்பீடுகளே.

போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்மரத் தோட்டங்களில் வேலை இல்லை. அரிசி வரத்தும் குறைந்தது. அந்த நேரத்தில் நல்ல கூலி, சாப்பாடு, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். சிலர் குடும்பத்தோடு போனார்கள். திரும்பி யாரும் வராததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தபோது, ஆளைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். இலவச சினிமா என்று கூட்டம் சேர்த்து, கதவை அடைத்துப் பிடித்துப்போனதைப் பிழைத்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

வீரர்களுக்கு ஓர் அமைப்பு இருந்தது. அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார், கழிப்பிடம் தோண்ட வேண்டும், தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது. இறந்தவரின் பெயரைக் குறித்துவைக்க ஒருவர் இருந்தார். தோட்டத் தொழிலாளிக்கு இவற்றில் எதுவுமே இல்லை. அதே காலரா, அதே ஆற்றங்கரை. ஆனால் தொழிலாளர் முகாம்களில் சாவு பல மடங்கு. 1943-இன் நடுவில் ஜப்பானியர் சிங்கப்பூரிலிருந்து ‘கே’, ‘எல்’ என்ற இரண்டு கைதி மருத்துவக் குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். தமிழர்களின் சாவைக் கண்ணால் கண்டு எழுதிவைத்த சாட்சிகளில் இவர்களும் அடங்குவர். நம் மக்களின் துயரத்தில் ஒரு பகுதி, வேறு மொழிக்காரர்களின் நினைவுகளின் ஓரத்தில் தங்கியிருக்கிறது.

போர் முடிந்தபின் நேச நாட்டு வீரர்களின் உடல்கள் தேடி எடுக்கப்பட்டு, காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசாயத் ஆகிய மூன்று இடங்களில் அடக்கம் செய்யப்பட்டன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. தொழிலாளர்களுக்கு இப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை கிடையாது. நினைவைக் காத்தவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள்தான். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களைத் தமிழாசிரியர்கள் தேடிப் படிக்கலாம்.

ஒரு திரைப்படம் செய்த வேலை

இந்த ரயில் பாதையைப் பற்றி உலகம் அறிந்தது பெரும்பாலும் 1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் வழியாக. பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாவலிலிருந்து எடுக்கப்பட்ட படம். படப்பிடிப்பு நடந்தது இலங்கையில். அதில் கைதிகளின் தலைவரான பிரிட்டிஷ் அதிகாரி, எதிரிக்கான பாலத்தைப் பெருமையோடு கட்டித்தருகிறார். உண்மையில் தமர்கான் முகாமில் தலைமை வகித்த அதிகாரி பிலிப் டூசி தன் ஆட்களின் உயிரைக் காப்பாற்றப் போராடியவர். படம் தங்களை இழிவுபடுத்திவிட்டது என்று அங்கிருந்த வீரர்கள் பலர் வருந்தினர். படத்தில் மரப்பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது. உண்மையான இரும்புப் பாலம் விமானக் குண்டுவீச்சில் சேதமடைந்து, பின்னர் பழுதுபார்க்கப்பட்டு, இன்றும் ரயில் ஓடும் பாலமாக நிற்கிறது. தமிழ்த் தொழிலாளர்கள் படத்தின் கதையில் இல்லை. கைபேசியில் பார்த்ததெல்லாம் வரலாறு என்று நம்பும் வயதினருக்கு, ஒரு கதைப்படத்தையும் நேரில் இருந்தவர் சொன்னதையும் எப்படி ஒப்பிடுவது என்று காட்ட இது நல்ல எடுத்துக்காட்டு.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

தொடக்க வகுப்புகளுக்குக் கொடுமைகளை விவரிக்க வேண்டாம். மூங்கிலால் மருத்துவக் கருவி செய்த மருத்துவர், படங்களை ஒளித்துவைத்த ஓவியர், மருந்து கொண்டுவந்த வணிகர் ஆகிய மூவரின் கதையே போதும். ‘கையில் ஒன்றும் இல்லாதபோதும் பிறருக்கு எப்படி உதவினார்கள்?’ என்று கேட்டு, பேசவும் வரையவும் விடலாம்.

உயர்நிலை வகுப்புகளில் வரைபடத்தில் இரு முனைகளையும் குறித்து, தம் ஊரிலிருந்து 415 கிலோமீட்டரில் எந்த ஊர் வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். சென்னையிலிருந்து புறப்பட்டால் ஏறத்தாழ மதுரைக்கு அருகே வந்துவிடுவோம். கணக்கு வகுப்பில் 60,000-இல் 12,000, 7,000-இல் 3,100 ஆகியவற்றுக்குச் சதவீதம் காணலாம். அறிவியல் வகுப்பில் பெரிபெரியையும் காலராவையும் இதோடு இணைக்கலாம். அந்த மருத்துவர்கள் மூங்கிலில் ஏற்றிய உப்பு நீருக்கும், வயிற்றுப்போக்குக்கு நாம் இன்று கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலுக்கும் பின்னால் இருப்பது ஒரே காரணம்தான்.

நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்தக் கதையைக் கேட்டு முடித்த பிள்ளை ‘ஜப்பான்காரன் கெட்டவன்’ என்ற முடிவோடு எழுந்து போகக் கூடாது. இதே மாணவர்கள் ஹிரோஷிமா, நாகசாகி மக்களுக்காகக் கண் கலங்குகிறார்கள், அதுவும் நியாயமே. நாகசாகியில் குண்டு விழுந்தபோது அந்த நகரின் முகாமில் நேச நாட்டுப் போர்க்கைதிகளும் இருந்தார்கள். லோமாக்ஸை விசாரித்தபோது மொழிபெயர்ப்பாளராக இருந்த நகாசே தகாஷி, போருக்குப் பின் கல்லறைகளைத் தேடும் குழுவோடு பாதை நெடுகச் சென்றார். கண்ட காட்சிகளால் மனம் மாறி, மீதி வாழ்நாளைப் பரிகாரத்தில் கழித்தார். 1993-இல் இருவரும் காஞ்சனபுரிப் பாலத்தருகே சந்தித்தார்கள், பின்னர் நண்பர்களானார்கள். மன்னிப்பு என்பது நடந்ததை மறைப்பதல்ல. நடந்ததை இருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது இயன்றது. கட்டளை, பசி, பயம், அவசரம் இவை சேர்ந்தால் சாதாரண மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற கேள்வியோடு பாடம் முடிந்தால் நல்லது. போரின் போக்கில் 1929 விதிகள் போதாமல் போனதால்தான் 1949-இல் புதிய ஜெனீவா உடன்படிக்கைகள் வந்தன என்பதையும் அங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு செயல்பாடு நம் மாநிலத்துக்கே உரியது. மலாயாவிலும் பர்மாவிலும் பிழைக்கப் போன குடும்பங்கள் நம் மாவட்டங்களில் நிறைய உண்டு. போனவர் திரும்பவில்லை என்ற ஒற்றை வரியோடு நின்றுபோன கதைகள் சில வீடுகளில் இன்னும் இருக்கலாம். தாத்தா, பாட்டி, அண்டை வீட்டுப் பெரியவர் ஆகியோரிடம் கேட்டுவரச் சொல்லலாம். யார் சொன்னது, அவர் நேரில் கண்டதா, கேள்விப்பட்டதா, எந்த ஆண்டு என்று நினைக்கிறார் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதச் சொல்ல வேண்டும். பழைய கடிதமோ புகைப்படமோ இருந்தால் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிட வேண்டும். பேச விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. பல போர்க்கைதிகள் வாய் திறக்க ஐம்பது ஆண்டுகள் ஆயின என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பலாம்.

வந்துசேரும் தாள்களைப் பள்ளியில் ஒரு கோப்பில் தேதியிட்டுச் சேர்த்து வையுங்கள். மரண ரயிலில் போன தமிழர்களின் பெயரைக் குறித்துவைக்க அங்கே ஆள் இல்லை. நம் பள்ளிகளில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்டால் சொல்லக்கூடிய முதியவர்கள்தான் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள்.